மூவர் வந்தால்தான் திறக்கும்

எங்கள் ஊருக்குப் பெயர் தேவாரம். போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னதும் வெளியூர் நண்பர்கள் அப்பர், சம்பந்தர், சுந்தரர் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஊருக்கும் பாட்டுக்கும் என்ன உறவு என்பதை ஸ்தலபுராணக்காரர்களுக்கு விட்டுவிடலாம். இந்தப் பெயர்ப் பொருத்தத்தால் எனக்கு ஒரு லாபம் உண்டு. "உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு தட்டு இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நண்பர் ஒருவர் ஒரு குறுந்தகட்டைக் கொடுத்தார். 2007-ல் புதுச்சேரியில் வெளியான 'கணினித் தேவாரம்' அது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனமும், தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் சேர்ந்து வெளியிட்டவை. 796 பதிகங்களின் மூலமும், மறைந்த வி. எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில உரையும், முழுச் சொல்லடைவும் அதற்குள் இருக்கின்றன. ழான்-லூக் செவியார், எஸ். ஏ. எஸ். சர்மா ஆகிய இருவரும் அதைச் சேர்த்துக் கட்டியவர்கள்.

'கட்டியவர்கள்' என்ற வார்த்தையைத் தெரிந்துதான் போட்டேன். ஒரு சொல்லைத் தொட்டால் அது வருகிற மற்ற இடங்கள் திறக்கும்; தலத்தின் பெயரைத் தொட்டால் அந்தத் தலத்துப் பதிகங்கள் வரும். எழுத்தும் படமும் ஒலியும் இப்படி ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கும் நூலுக்கு ஹைப்பர்மீடியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் புதிது. தேவாரத்தைப் பண்முறையாக அடுக்குவது, தலமுறையாக அடுக்குவது என்று இரண்டு வழக்கங்கள் நம்மிடம் வெகு காலமாக உண்டு. ஓதுவார் ஒருவர் மனத்துக்குள் அந்த இரண்டு அடுக்கும் ஒரே சமயத்தில் இருந்தன. ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு அவர் தாவினார்.

இங்கே நான் பேச வந்தது முடிச்சுகளைப் பற்றி அல்ல. அவற்றைப் போட்டு முடித்த பிறகு நூலை எப்படி வாசகன் கையில் கொடுப்பது என்பதைப் பற்றி. ஆசிரியன் தன் பட்டறையில் உட்கார்ந்து ஒரு படைப்பைச் செய்கிறான். அந்தப் பட்டறை ஒரு நிரல். விலை கொடுத்து வாங்கியது. வாசகனிடம் அந்த நிரல் இல்லாவிட்டால் படைப்பு திறக்காது. ஆகையால் படைப்பையும், அதை ஓட்டுவதற்கு வேண்டிய இயந்திரப் பகுதியையும் சேர்த்து, தானே தனித்து ஓடும் ஒரு நிரலாகக் கட்டிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. இது வியாபாரிகளும் மெக்கானிக்குகளும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று இலக்கியக்காரர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நூல் எப்போது முடிகிறது, யாருக்குச் சொந்தமாகிறது, எவ்வளவு நாள் உயிரோடிருக்கிறது என்ற மூன்று கேள்விகளும் இதற்குள் இருக்கின்றன.

தேவாரத்துக்கே இந்தச் சங்கடம் ஒரு தரம் வந்ததாகத் திருமுறை கண்ட புராணம் கதை சொல்கிறது. சோழ மன்னன் (ராஜராஜன் என்பது வழக்கு) நம்பியாண்டார் நம்பியை அழைத்துக்கொண்டு தில்லைக்குப் போகிறான். ஏடுகள் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடக்கின்றன. பாடிய மூவரும் வந்தால்தான் கதவைத் திறக்கலாம் என்று தில்லைவாழ் அந்தணர்கள் சொல்லிவிடுகிறார்கள். மூவரும் போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ராஜா சாமர்த்தியசாலி, மூவருடைய திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் நிறுத்தினான். கதவு திறந்தது. உள்ளே கறையான் தின்றது போக மிச்சம் இருந்தது. பண் மறந்து போயிருந்தது. அதற்காகத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர்க்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். 'இதைச் செய்த நிரல் இருந்தால்தான் திறப்பேன்' என்று ஒரு கோப்பு அடம்பிடிப்பதும், நிரலுக்குப் பதிலாக அதன் பாவனை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி அதை ஏமாற்றித் திறப்பதும் அவர்களுக்கு அன்றாடக் காரியம்.

இந்த விவகாரத்தின் ஆதி நூல் என்று 1987-ல் வந்த ஹைப்பர்கார்டைச் சொல்லலாம். ஆப்பிள் கம்பெனிக்காக பில் அட்கின்ஸன் எழுதியது. அவர் 2025-ல் காலமானார். மக்கின்டோஷ் கம்ப்யூட்டருடன் இலவசமாகவே அதைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கமும் ஓர் அட்டை; அட்டைகள் சேர்ந்தால் ஓர் அடுக்கு. அதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், வாசகனுக்கு ஐந்து படிகள் வைத்திருந்தது. முதல் படியில் படிக்கலாம். இரண்டாவதில் எழுத்தைத் திருத்தலாம். மூன்றாவதில் படம் வரையலாம். நான்காவதில் அட்டைகளை அமைக்கலாம். ஐந்தாவதில் கட்டளைகளையே எழுதலாம். வாசகன் ஐந்தே படியில் ஆசிரியனாகிவிடுகிறான்! செய்த திருத்தங்களும் அப்போதைக்கப்போது தாமாகவே பதிவாகிவிடும்.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. நம் நாட்டு ஏடுகளின் சரித்திரம் தெரிந்தவர்களுக்குச் சற்றுப் பயமாகவும் இருக்கும். கம்பனுக்குள் 'வெள்ளி பாடல்கள்' நுழைந்தது இப்படித்தானே? பிரதி எடுத்தவர் ஒவ்வொருவரும் இரண்டாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தார். எது கம்பன், எது பக்தன் என்று பிரிக்கப் பெரிய பண்டிதர்கள் ஆயுளைச் செலவழித்தார்கள்.

ஹைப்பர்கார்டின் 2.2-ஆம் பதிப்பில், அடுக்கைத் தனித்து ஓடும் நிரலாகக் கட்டிக்கொள்ளும் வசதி வந்தது. மாக்ரோமீடியா கம்பெனியின் டைரக்டரிலும் இதே வசதி உண்டு; அப்படிக் கட்டியதற்கு அவர்கள் 'ப்ரொஜெக்டர்' என்று பெயர் வைத்தார்கள். ஹைப்பர்கார்டின் வாரிசு என்று சொல்லத்தக்க லைவ்கோடு, எடின்பரோ நகரத்தில் வளர்ந்தது. அதில் ஒரு விசித்திரம். தனிநிரலாகக் கட்டிவிட்டால் அது தன்னைத்தானே திருத்திச் சேமித்துக்கொள்ள முடியாது. வாசகன் எழுதுவதைக் காப்பாற்ற வேண்டுமானால், ஒரு சிறு வாசலை மட்டும் நிரலாகக் கட்டி, மற்றதையெல்லாம் வெளியே தனிக் கோப்பாக வைக்க வேண்டும். ஆசிரியன் சொன்னது எது, வாசகன் கிறுக்கியது எது என்று இயந்திரமே சுவர் எழுப்பிவிடுகிறது. என்னைப் போன்ற கதாசிரியனுக்கு இது பெரிய ஆறுதல்.

நமக்குப் பழக்கமான வேறொரு காரியத்தோடு இதை ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாரா வாரம் வந்தது. எத்தனையோ வீடுகளில் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தார்கள். அப்படிப்பட்ட பைண்டு ஒன்றைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், அது கடையில் வாங்கும் புத்தகத்தைப் போல் இராது. மணியத்தின் சித்திரம் இருக்கும். பக்கத்தின் பின்புறம் தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். பாதியில் அறுபட்ட ஒரு ஹாஸ்யத் துணுக்கு இருக்கும். கதை, தான் ஓடிய வண்டியின் சக்கரத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்த மாதிரி. தனிநிரல் என்பது இந்தப் பைண்டுதான். இனிமேல் வாசகன் பத்திரிகை ஆபீசை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால் பைண்டு செய்கிறவன் ஓரத்தை வெட்டும்போது இரண்டெழுத்தைத் தின்றுவிட்டால், அது போனது போனதுதான்.

கட்டுவதால் கதைக்கு இலக்கிய ரீதியில் லாபம் உண்டா? உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் மைக்கேல் ஜாய்ஸின் 'ஆஃப்டர்நூன்'. (டப்ளின் ஜாய்ஸ் வேறு, இவர் அமெரிக்கர்.) 1987-ல் முதலில் காட்டப்பட்டு, 1990-ல் ஈஸ்ட்கேட் என்ற பதிப்பகத்தால் பிளாப்பி தட்டில் விற்கப்பட்டது. ஸ்டோரிஸ்பேஸ் என்ற பட்டறையில் செய்த கதை. அந்தப் பட்டறையை உண்டாக்கியவர்களில் ஜாய்ஸும் ஒருவர். பீட்டர் என்பவன் காலையில் போகும் வழியில் ஒரு கார் விபத்தைப் பார்த்திருக்கிறான். அதில் இருந்தது தன் மகனும், தன்னை விட்டுப் போன மனைவியும்தானா என்ற சந்தேகம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. கதை 539 துண்டுகளாக இருக்கிறது. எந்தச் சொல்லைத் தொட்டால் வழி திறக்கும் என்று அடையாளம் எதுவும் இல்லை. சில துண்டுகள், வேறு சிலவற்றை நீங்கள் படித்திருந்தால் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டிருக்கின்றன.

இந்தப் பூட்டைத்தான் கவனிக்க வேண்டும். பட்டறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆசிரியன் முன்னால் 539 துண்டுகளும் பெட்டி பெட்டியாக, கோடுகளோடு வரைபடமாகத் தெரியும். வாசகனுக்கும் அந்த வரைபடத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? மகன் செத்தானா இல்லையா என்ற துண்டு எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்துவிடுவான். பீட்டருக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளத் தைரியம் இல்லை; சுற்றிச் சுற்றி வேறு எதையெதையோ நினைத்துக்கொண்டிருக்கிறான். வாசகனும் அவனைப் போலவே வழி தெரியாமல் சுற்றினால்தான் அந்த மத்தியானம் கனக்கும். வரைபடத்தைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, படிக்கும் பகுதியை மட்டும் கட்டிக் கொடுத்ததால் இது சாத்தியமாயிற்று. ஆக இங்கே கட்டுவது வெறும் விநியோக வேலையாக நின்றுவிடவில்லை. கதை சொல்லும் உத்தியில் அது பாதி. இந்தக் கதையை மின்சாரப் புதுமை என்று புகழ்ந்தவர்கள் பலர். எனக்கு அதில் பிடித்தது பழைய சங்கதி: ஆசிரியன் எதை மறைக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. குறை சொல்ல வேண்டுமானால், இருநூறு துண்டுக்கு மேல் போனால் அலுப்புத் தட்டுகிறது. பீட்டரைத் தவிர மற்றவர்கள் குரலாகவே நிற்கிறார்கள், ஆளாக வருவதில்லை.

இதே காலத்தில் கோடிக்கணக்கான ரூபாய் சம்பாதித்த 'மிஸ்ட்' என்ற விளையாட்டும் ஹைப்பர்கார்டில் பிறந்ததுதான். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் 1993-ல் செய்தது. 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆளில்லாத ஒரு தீவில் வாசகன் தனியே நடக்கிறான். கதை என்று பார்த்தால் சாதாரணம். ஆனால் அந்தத் தீவின் தனிமை மறக்காது. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு அதைக் கொண்டுபோக நினைத்தபோது, கட்டிய நிரலை அப்படியே தூக்கிப்போக முடியவில்லை. வேறு இயந்திரத்தின்மேல் திரும்பக் கட்டினார்கள். பணம் இருந்தது, கட்டினார்கள்.

பணம் இல்லாதவர்கள் கதி என்ன? தனித்து நிற்கும் நிரல் என்று பெயர் சொன்னாலும், அது மண்ணின்மேல்தான் நிற்கிறது. மண்ணை யாரோ வெட்டிக்கொண்டே போகிறார்கள். ஹைப்பர்கார்டு விற்பனையை ஆப்பிள் 2004-ல் நிறுத்திற்று. பழைய மக்கின்டோஷ் நிரல்களை ஓட்டிவந்த வசதி 2007-ல் வந்த பதிப்போடு போயிற்று. 2019-ல் வந்த பதிப்பு 32-பிட் நிரல்கள் எதையும் ஓட்டாது. விண்டோஸிலும் இதே கதைதான். 64-பிட் பதிப்புகள் பழைய 16-பிட் நிரல்களைத் தொடுவதில்லை. அடோபி கம்பெனி 2017-ல் டைரக்டரைக் கைவிட்டது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷுக்கும் பால் ஊற்றியாகிவிட்டது.

தமிழில் இந்தக் கஷ்டம் இன்னும் ஒரு பங்கு அதிகம். யூனிகோட் நம் வீடுகளுக்கு வந்து சேருவதற்கு முன், ஆளுக்கு ஓர் எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறிமுறை. நீங்கள் 'அம்மா' என்று எழுதி அனுப்பினால் என் கம்ப்யூட்டரில் ஆந்தை எழுத்து மாதிரி ஏதோ வரும். அந்த நாளில் தமிழ் நூலைக் குறுந்தகட்டில் போட்டவர்களுக்குத் தனிநிரல்தான் ரட்சகன். எழுத்துருவையும் உள்ளே வைத்துக் கட்டிவிடலாம். எந்த வீட்டிலும் தமிழ் தமிழாகத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே கட்டுக்குள் எழுத்து மாட்டிக்கொண்டது. குழந்தைகளுக்கான நாட்டுப்புறக் கதைத் தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. வெளியிட்டவர் பெயர் வேண்டாம். அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். படம் அசையும், பாட்டி பேசுவாள் என்று உறையில் போட்டிருக்கிறது. இப்போதைய மடிக்கணினியில் தட்டுப் போட வழியே இல்லை. போடியில் ஒருவரிடம் ஓட்டும் பெட்டியை இரவல் வாங்கிச் சொருகிப் பார்த்தேன். இந்த நிரல் இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது என்று ஒரு வரி வந்தது. உள்ளே கோப்புகள் இருக்கின்றன. அவற்றின் பெயர்கூடத் தெரிகிறது. பாட்டியைத்தான் பேச வைக்க முடியவில்லை.

இதற்கு நேர் எதிரே 'மதுரைத் திட்ட'த்தை வைத்துப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. கட்டுமில்லை, அட்டையுமில்லை, வெறும் எழுத்து. முதலில் டிஸ்கி குறிமுறையில் போட்டார்கள். யூனிகோட் வந்ததும் மாற்றிக்கொண்டார்கள். கட்டாததனால்தான் மாற்ற முடிந்தது. அழகு என்று அதில் ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் படிக்கலாம்.

'கணினித் தேவார'த்தைச் செய்தவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைப் பிடித்தார்கள். தட்டில் இருப்பவை சாதாரண இணையப் பக்கங்கள். உலாவி என்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறதே, அது போதும் திறப்பதற்கு. வலை வேண்டியதில்லை, மலைமேல் சிக்னல் இல்லாத எஸ்டேட் லயத்தில் உட்கார்ந்துகூடப் பதிகம் பதிகமாகத் தாவலாம். பிறகு அதே பக்கங்களை இணையத்திலும் வைத்தார்கள். பெரிதாக எதையும் இடித்துக் கட்ட வேண்டியிருக்கவில்லை. தட்டு கீறலாகிப் போனாலும் நூல் போகாது. மூவரையும் அழைத்து வா என்று கதவு கேட்கவில்லை. இந்த அளவில் அது நம் காலத்தின் புத்திசாலித்தனமான பதிப்புகளில் ஒன்று என்பேன்.

இருந்தாலும், அதை ஒரு நூலாக நான் ரஸித்தேன் என்று சொன்னால் பொய்யாகும். பக்கங்களுக்கு முகம் இல்லை. எங்கே நுழைந்து எங்கே வெளியேறுவது என்று யாரும் கையைப் பிடித்துச் சொல்வதில்லை. ஆராய்ச்சியாளருக்கு அது சுரங்கம். என் வீட்டுப் பெரியவர்களிடம் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆசிரியன் எதையும் மறைக்கவில்லை என்பது அகராதிக்குப் பெருமை. கதைக்கு அது போதாது. 'ஆஃப்டர்நூன்' போன்ற ஒன்றை இப்படித் திறந்த பக்கங்களாகப் போட்டால், உலாவியில் மூலத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த பையன் ஒருவன் மூன்றே நிமிஷத்தில் பூட்டையெல்லாம் கழற்றிவிடுவான்.

எங்கள் பக்கத்துக் காய்க்காரர்களிடம் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு பதில் இருக்கிறது. பறித்த ஏலக்காயைப் பச்சையாக வைத்திருந்தால் கெட்டுவிடும். ஸ்டோரில் போட்டு உலர்த்தி எடுக்கிறார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாக வந்து நிற்கும். தோலுக்கு மணம் இல்லை, மணம் எல்லாம் உள்ளே இருக்கும் அரிசியில். ஆனாலும் தோலை உரித்து அரிசியை மட்டும் வைத்தால் வாசனை சீக்கிரம் போய்விடுகிறது. தோல் வேண்டும், அது மெல்லியதாகவும், வேண்டும்போது நகத்தால் கிள்ளினால் பிரிவதாகவும் இருக்க வேண்டும்.

இப்போது வழக்கத்தில் இருக்கும் தோல் அப்படி இல்லை. கிறிஸ் கிளைமஸ் என்பவர் 2009-ல் வெளியிட்ட ட்வைன் என்ற கருவியில் கிளைக்கதை எழுதுகிறார்கள். எழுதி முடித்தால் முழுக் கதையும் ஒரே இணையக் கோப்பாக வந்துவிடுகிறது. இது நல்ல தோல். என் கட்சி இதுதான். ஆனால் 'கம்ப்யூட்டரில் சொந்த நிரலாக இருந்தால்தான் கௌரவம்' என்று நினைக்கிறவர்கள், அதை எலக்ட்ரான் என்ற பெட்டிக்குள் போட்டு மறுபடி கட்டுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு முழு உலாவியே உட்கார்ந்திருக்கிறது. ஐம்பது பக்கக் கதை நூறு மெகாபைட்டைத் தாண்டிவிடுகிறது. ஒரு சுண்டு ஏலக்காயை அனுப்ப ஒரு லாரி. கடையில் விலை வைத்து விற்க வேண்டுமென்றால் லாரி அவசியமாக இருக்கலாம். விற்று நாலு காசு பார்க்க வேண்டாம் என்று எழுத்தாளனாகிய நானே சொல்ல மாட்டேன். ஆனால் லாரியை அனுப்பிவிட்டுக் காயைத் தொலைத்துவிடக் கூடாது. கட்டிய நிரலை விற்றுக்கொள்ளட்டும். கட்டுவதற்கு முன்னிருந்த மூலக் கோப்பு, படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாம் பிரித்த நிலையிலேயே இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த அக்கறை சற்றுத் தாமதமாக வந்தது. 2017-ல் இணைய ஆவணக் காப்பகம் பழைய ஹைப்பர்கார்டு அடுக்குகளைச் சேர்த்து, பழைய மக்கின்டோஷைப் பாவனை செய்யும் நிரலோடு வைத்தது. ராஜா திருவுருவம் கொண்டுவந்த அதே உபாயம்தான். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வான்கூவர் கிளையில் டீன் கிரிகர் என்ற பேராசிரியை, இத்தகைய கதைகளைப் படிப்பதற்கென்றே பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்து வைத்திருக்கிறார். ஸ்டூவர்ட் மௌல்த்ராப் எழுதிய 'விக்டரி கார்டன்', 1991 வளைகுடா யுத்தத்தைப் பின்னணியாகக் கொண்ட ஸ்டோரிஸ்பேஸ் கதை. அதை அவர்களுடைய ஆய்வுக்கூடம் 2022-ல் உலாவியில் படிக்கும்படி திருப்பிக் கட்டியது. மௌல்த்ராப்பும் கூட இருந்தார். எந்த முடிச்சு எதற்காகப் போட்டது என்று கேட்டால் சொல்ல ஆள் இருந்தது.

தமிழில் தட்டுக் கதைகள் செய்தவர்களும் பெரும்பாலோர் இன்று ஐம்பது அறுபது வயதில் நம்மோடுதான் இருக்கிறார்கள். பரணில் கிடக்கும் பழைய பெட்டியைத் தட்டிப் பார்த்தால் மூலக் கோப்பு கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்தால் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று இரண்டு பதிப்பாளர்களைக் கேட்டேன். ஒருவர், "அதை வைத்து என்ன சார் செய்வது?" என்றார். இன்னொருவர் விலை என்ன என்று கேட்டார்.